உயிரோடிருந்தவளுக்கு வந்த கோடி

அந்தச் சீலை என் கைக்கு வந்து சேர்ந்தபோது என் அக்கா உயிரோடிருந்தாள்.

கொண்டுவந்தவர் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. சரக்கெடுக்க அவ்வப்போது ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வருவார். அவர் போகும்போதெல்லாம் கோத்தகிரியிலிருந்த என் அண்ணனுக்கு, அக்காவுக்கு அவர் தம்பி, ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்புவேன். அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் அண்ணன் உழைத்து ஓய்ந்திருந்தார். ஆனாலும் நாங்கள் பிறந்த ஹேவாஹெட்டத் தோட்டத்துத் தூளைக் குடித்த வாய்க்கு மற்றதெல்லாம் சுடுதண்ணீர் என்பார். அண்ணனின் மகன் மலையிறங்கி வந்து அதை வாங்கிப் போவான். இம்முறை அவன் பதிலுக்கு ஒரு பொதியைக் கொடுத்திருந்தான்.

"ஒங்கட நானாட மகன் தந்தாரு டீச்சர். பத்திரமாக் குடுக்கச் சொன்னாரு" என்றார் வியாபாரி. கதிரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சுங்கத்துல பிரிச்சுப் பாத்தாங்க. சும்மா சொல்லப்படாது, நல்ல சாமான். என்ட கடையிலயே இந்த ரகம் இல்ல. வீட்டுல கலியாணமா?"

"இல்ல ஹாஜியார். அக்காவுக்கு அனுப்பியிருக்காங்க."

"அப்பிடியா? இந்தக் காலத்துல கூடப்பொறந்தவளுக்கு உடுப்பு அனுப்புற தம்பிமாரு எங்க ஈக்கிறாங்க? அல்லா அவருக்கு ஆயுசைக் குடுக்கட்டும்."

அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிரிக்காமலே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலை அண்ணன் தொலைபேசியில் பேசியபோது உறுதியாயிற்று.

"வந்திருச்சா?" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "அலுமாரியில வச்சிரு. அக்காகிட்டச் சொல்லாத. நேரம் வர்றப்ப எடுத்துக்கிட்டுப் போ."

"அண்ணே, அக்கா இன்னும் இருக்கு."

"தெரியும்மா. சேதி வந்தப்புறம் நான் கெளம்பி, விசா வாங்கி, வந்து சேர்றதுக்குள்ள எடுத்துருவாங்க. இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு நான் எங்க வர்றது? அத்தான் போனப்ப நம்ம வீட்டுல இருந்து ஒரு முழத்துண்டு போகல. இதாவது போகட்டும்."

எங்கள் மக்களிடையே ஒரு பெண் இறந்தால், புகுந்த வீட்டில் அவள் எத்தனை காலம் வாழ்ந்திருந்தாலும், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி வர வேண்டும். உடன்பிறந்தவன் எடுத்துவந்து அவள் உடல்மேல் சாத்த வேண்டும். தண்ணீர் படாத, யாரும் உடுத்தாத அந்தத் துணியைத்தான் கோடி என்கிறோம். கணவன் இறந்தாலும் விதவையானவளுக்கு அவள் பிறந்த வீடு கோடி கொண்டுவரும். உனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊரறியச் சொல்லும் முறை அது. ஆனால் அதை முன்கூட்டி வாங்குவதில்லை. உயிரோடிருக்கும் ஒருத்திக்காகக் கோடி எடுத்து வைப்பது சாவுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதைப் போன்றது. இதெல்லாம் என் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பியிருந்தார்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட குடியுரிமை ஒப்பந்தத்தின் பேரில் தோட்ட மக்களைப் பங்கு பிரித்தபோது அப்பாவும் அம்மாவும் அண்ணனும் இந்தியாவின் பங்காயினர். அக்கா அதற்கு முன்பே கண்டி மஹய்யாவையில் நகரசபைத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர்களுக்கு இலங்கை கிடைத்தது. நான் அப்போது சிறுமி. பிள்ளை பெற்றிருந்த அக்காவுக்குத் துணையாக என்னை விட்டுவிட்டு, பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் பல காலம் இருந்து, கடைசியில் இந்த நாட்டின் பிரஜையாகி, ஆசிரியையாகி, கெலிஓயாவில் ஒரு சிறு வீட்டில் தனியாகக் குடியேறினேன். மணம் செய்துகொள்ளவில்லை. என்னை வளர்த்தவள் அக்கா. எனக்கிருந்த பிறந்த வீடும் அவளே.

அத்தான் இறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. நாட்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். கடலைத் தாண்டி வர வழியில்லை. கோடி போடும் நேரத்தில் பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பழைய லயக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒருவர், அக்காவுக்கு அண்ணன் முறை ஆகிறவர், தாமாகவே கடைக்கு ஓடி ஒரு வெள்ளைச் சீலை வாங்கிவந்து போட்டார். நல்ல மனிதர். அக்கா அவர் காலைத் தொட்டு வணங்கினாள். எல்லாரும் போன பிறகு அந்தச் சீலையை மடித்துக்கொண்டே, "எரவல் கோடி" என்றாள்.

அதன் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அம்மன் கோயில். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறியதில்லை அவள். இப்போது தேர் தெருவழியே வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். கோபித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள் அவளும் அம்மனும். நான் படித்த புத்தகங்களிலிருந்து ஏதேனும் ஆறுதல் எடுத்துச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன் புஸ்தகத்துக்கு அப்பன் ஆயி உண்டா?" என்பாள்.

அவளுக்கு வயிற்றில் வந்த நோய் முற்றிய பிறகே தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் எங்களைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வசதியாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் மகன், நகரில் லொறி ஓட்டுகிறவன், தாயிடம் அல்சர் என்று சொன்னான். நாங்களும் அதையே சொன்னோம். அந்த ஒரு சொல்லின் மேல் வீடு முழுவதும் நுனிக்காலில் நடந்தது.

சீலை வந்த செய்தியை அவனிடம்தான் முதலில் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று.

"உசுரோட இருக்கிற மனுசிக்கு யாராச்சும் கோடி அனுப்புவாங்களா சின்னம்மா? மாமாவுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"அவரால வர முடியாதுப்பா. அதனாலதான்..."

"வராட்டிப் போறாரு. அத இந்த வீட்டுப் பக்கம் கொண்டாந்துராதீங்க. அம்மா பாத்தா அன்னிக்கே போயிரும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீலையைக் காட்டினால் அல்சர் என்ற சொல் உடைந்துவிடும். மறைத்தாலோ, தம்பி தன்னை மறந்தான் என்ற எண்ணத்தோடே அவள் கண்ணை மூடுவாள். போன பிறகு உடல்மேல் சாத்தும் துணியை அவள் எந்தக் கண்ணால் பார்ப்பது? இரண்டில் எது அன்பு, எது கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை. கெலிஓயாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் இதையே நினைத்துக்கொண்டு வருவேன். மஹய்யாவை ஏற்றத்தில் கால் வைத்ததும் நினைப்பதை நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் முற்பகல். அக்காவின் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்தவர்கள் வைத்துப்போன ஆரஞ்சுகள், எங்கள் பேச்சில் தோடம்பழங்கள். நான் ஒன்றை எடுத்து உரித்தேன்.

"எனக்கு அல்சராம்" என்றாள். "அல்சருக்குத் தோடம்பழம் கொண்டாந்து குடுக்கிற ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்."

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"சிரிக்காத. ஒனக்குப் பொய் சொல்ல வராது. சின்னதுலயே வராது. கொஞ்ச நாளா என் மொகத்தப் பாக்காம சொவத்தப் பாத்துப் பேசுற." பழத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்டி. ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்ப மகன் ஆட்டோவுல என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தான். கலியாணம் கட்டுனதுக்கப்புறம் அவன் என் கையப் புடிச்சதே இல்ல. அப்பவே தெரியும்."

மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் ஓசை கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வர்றானா?"

நான் பழத்தோலைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்தேன்.

"வரமாட்டான். அவன் என்ன செய்வான். விடு." சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "பொறந்த வீடு இல்லாதவளாவே போறேன். எரவல் கோடி மட்டும் வேணாம்டி. ஆராச்சும் எரக்கப்பட்டு ஓடிப்போய் வாங்கியாந்தா, வேணாம்னு சொல்லிரு. அது ஒண்ணுதான் ஒன்கிட்டக் கேக்கிறேன்" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது தேற்றிச் சொல்லியிருப்பேன். அழாததால் உண்மை என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அண்ணன் அனுப்பியிருக்காங்க அக்கா. சீலை. என் வீட்டுல இருக்கு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்? தன் சாவு உறுதியாகிவிட்ட செய்தி அது. கூடவே, மறக்கப்படவில்லை என்ற செய்தியும் அதுவே. இரண்டும் ஒரே வாக்கியத்தில் அவளிடம் போய்ச் சேர்ந்தன.

"என்ன கலர்?" என்றாள்.

"நான் இன்னும் பிரிக்கல."

"பிரிக்காத. எடுத்துக்கிட்டு வா."

மறுநாளே எடுத்துப் போனேன். மகன் வாசலில் நின்றான். பையைப் பார்த்ததும் வழியை மறித்துக்கொண்டான்.

"சொன்னேன்ல சின்னம்மா?"

நான் பதில் சொல்லுமுன் உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "உள்ள விடுடா. ஒனக்கா வந்திருக்கு? எனக்கு வந்தது."

அவன் நகர்ந்தான். உள்ளே வராமல் படிக்கட்டிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அக்கா பொதியை மெல்லப் பிரித்தாள். நூலைக் கூட அறுக்காமல் முடிச்சவிழ்த்துச் சுற்றி வைத்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு சீலை. மாம்பழ மஞ்சளில் கரை. சுமங்கலிகள் உடுத்தும் நிறம். விதவைக்கு வெள்ளைதான் வர வேண்டும். அக்கா அதை விரித்துப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு எதிர்பாராமல் சிரித்தாள்.

"முட்டாப்பய. அறுத்தவளுக்கு அரக்குச் சீலை அனுப்பியிருக்கான்."

சிரிப்பு அழுகையாக மாறியது எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஏன் அந்த நிறத்தை எடுத்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேறிய அன்று கண்டி ஸ்டேசனில் அக்கா அரக்குச் சீலை உடுத்தியிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, மறுகையில் என் கை. ரயில் நகர்ந்தபோது அண்ணன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அக்காவைக் கண்ணால் பார்க்கவேயில்லை. அத்தான் இறந்ததைக் கேட்டார், அழுதார். ஆனால் அவர் கண்ணுக்குள் அக்கா அந்தப் பிளாட்பாரத்திலேயே, அதே நிறத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இத உடுத்தி விடு. கோயிலுக்குப் போகணும்" என்றாள்.

நான் திகைத்தேன். "அக்கா, உடுத்திட்டா அது கோடி இல்ல. அப்புறம் அதப் போட முடியாது."

"அம்மனுக்குச் சாத்துன சீலைய ஏலத்துல எடுத்து நாம கட்டுறோம்ல? அவ உடுத்துனதப் பழசுன்னா சொல்றோம்?"

"அது சாமி."

"நான் செத்தா எனக்கும் மால போட்டுக் கும்புடத்தானே போறீங்க. கொஞ்ச நாளு முன்னக்கூட்டிச் சாமியாகிறேன், போ." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "செத்தப்புறம் மேல போட்டா எனக்கு என்ன தெரியும்? என் தம்பி எடுத்த சீலை. நான் இருக்கிறப்ப உடுத்துறேன்."

மருமகள் வந்து கொசுவம் பிடித்தாள். இடுப்பில் சதையே இல்லாததால் சீலை நிற்காமல் வழுகியது. உள்ளே ஒரு துவாயைச் சுற்றிக் கட்டினோம். எத்தனையோ காலத்துக்குப் பின் அவள் உடம்பில் நிறம் ஏறியது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மகன் திரும்பிப் பார்த்தான். எழுந்துபோய் ஆட்டோ கூட்டிவந்தான்.

வெள்ளிக்கிழமைகூட இல்லை அது, சாதாரண நாள். கோயிலில் கூட்டமில்லை. தீபம் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டொரு பெண்கள் அக்காவின் சீலையையும் வெறும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் எவரையும் பார்க்கவில்லை. ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்று கேட்டார். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். மகன்மேல் சாய்ந்துகொண்டு அம்மனுக்கு நேரே நின்றாள். கை கூப்பவில்லை. முந்தானையைச் சற்று விரித்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றாள். மணி அடித்தது. மகனின் தோள் குலுங்குவதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டல. காட்டிட்டு வந்தேன்."

அந்தச் சொல்லை நான் பல காலம் யோசித்திருக்கிறேன். நம்பிக்கையைப் பற்றி நான் படித்தவை எல்லாம் கேட்பதையும் கிடைப்பதையும், சில உயர்ந்த நூல்களில் எதையும் கேளாதிருப்பதையும் பற்றியவை. பிறந்த வீட்டிலிருந்து வந்த சீலையை உடுத்திக்கொண்டு போய்த் தோழியிடம் காட்டிவிட்டு வருவதைப் பற்றி எதிலும் படித்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் சாந்தமே உருவாகிவிட்டாள் என்று எழுதினால் பொய்யாகும். வலி வந்தது. வலியில் அவள் அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். "கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? என்னையப் பாக்கிறியா இல்லையா?" என்று கத்துவாள். ஆனால் அத்தனை காலம் பேசாமலே இருந்தவள் அவள். திட்டும் உறவு திரும்பியிருந்தது. வலி தணிந்த வேளைகளில் கண்ணை மூடிக்கொண்டு, "திட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்காத" என்று முணுமுணுப்பாள். எங்களிடமா, அம்மனிடமா என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசி நாட்களில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ பயந்துக்காத. எனக்கு இப்ப பயம் இல்ல. ரயிலு ஏறுறவுங்களுக்குப் பயம் இல்லடி. பிளாட்பாரத்துல நிக்கிறவுங்களுக்குத்தான்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ஸ்டேசனில் பிடித்த அதே கை. அதில் எலும்பு மட்டும் இருந்தது.

ஒரு பிற்பகலில், மழை விட்டிருந்த நேரத்தில், மருமகள் ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிய, சத்தமில்லாமல் போனாள்.

உடலைக் குளிப்பாட்டியதும் அத்தான் வழிப் பெரியவர் ஒருவர் முற்றத்திலிருந்து கேட்டார்: "பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சா?"

நான் அரக்குச் சீலையை எடுத்துவந்தேன். கோயிலுக்குப் போய்வந்த பின் துவைத்து மடித்து வைத்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒடுத்துன சீலை. தண்ணியில நனைச்சது. அதுவும் அரக்கு. கோடி ஆகாதும்மா. ஆராவது கடைக்குப் போய் வெள்ளையில ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்கப்பா. தம்பி முறையில இங்க ஆரு இருக்கா?"

ஒருவர் எழுந்தார். இரக்கப்பட்டுத்தான் எழுந்தார். இரவல் கோடி வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான். எனக்கு முன்னால் அவள் மகன் வந்து நின்றான். மொட்டையடிக்கக் குந்தியவன், பாதித் தலையோடு எழுந்து வந்து, கடைக்குப் புறப்பட்டவரிடம் சொன்னான்:

"கடைக்குப் போக வேணாம் மாமா. எங்கம்மாவுக்குக் கோடி எப்பவோ வந்திருச்சு. அதுவே வாங்கி உடுத்திக்கிச்சு." என் பக்கம் திரும்பினான். "சின்னம்மா, நீங்க போடுங்க."

"பொம்பளப் புள்ள எப்படிப்பா..." என்று தொடங்கிய பெரியவர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் போட்டேன். கழுத்துவரை இழுத்துவிட்டுக் கரையை நேராக்கினேன். துவைத்த சீலை புதுத்துணியைப் போல விறைத்து நிற்கவில்லை. அவள் மேல் படிந்து கிடந்தது.

மஹய்யாவை மயானத்துக்கு எடுத்துப் போன பிறகு, வீடு கழுவிவிட்ட ஈரத்தில் நின்றுகொண்டு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு முன்பே சொல்லியாகிவிட்டது, அழுது ஓய்ந்திருந்தார்.

"கோடி போட்டியா?" என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. "போட்டேன் அண்ணே. ஆனா அது கோடியா இல்ல. அக்கா அத முன்னாடியே உடுத்திக்கிச்சு. உயிரோட இருக்கிறப்ப. உடுத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போச்சு."

கடிந்துகொள்வார், அல்லது முறை கெட்டுவிட்டதென்று கலங்குவார் என்று நினைத்தேன்.

"உடுத்துச்சா?" என்றார். பிறகு, "எடுப்பா இருந்துச்சா அக்காவுக்கு?"

"இருந்துச்சு அண்ணே. அன்னிக்கு மாதிரியே இருந்துச்சு."

அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். அக்காவின் அன்றைய வயதை இப்போது நான் கடந்திருக்கிறேன். எனக்கென்று துணி எடுத்தனுப்ப உடன்பிறந்தவர் எவரும் மிச்சமில்லை. அந்த நினைப்பு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போகிறேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. இருந்தாலும் அவள் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.